தகரக் கூரையின் கீழே ஏப்ரல்

யாங்கோனில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்தும் மழை எட்டிப் பார்க்காத வாரங்களில், எங்கள் மரவீட்டு மாடியில் நள்ளிரவுவரை யாராலும் படுக்க முடியாது. 2024 ஏப்ரல் 28 அன்று மகுவே வட்டாரத்துச் சௌக் நகரில் 48.2 பாகை செல்சியஸ் பதிவான சமயத்தில் மச்சுப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல் சுட்டது.

காய்ந்த தகரம், மச்சுக்கு மேலே அடைபட்ட காற்றைச் சூடாக்குவதோடு, வெப்பத்தைக் கதிராகவும் நேரே கீழே வீசுகிறது. முகட்டில் மட்டும் திறப்பு வைத்தால் போதாது. சூடான காற்று மேலே வெளியேற வேண்டுமானால், இறவாரத்தின் அடியில் வெளிக்காற்று நுழையவும் வழி இருக்க வேண்டும். குருவி வருகிறதென்று முன்பொரு தச்சர் எங்கள் இறவாரத்தைப் பலகையால் முழுக்க அடைத்திருந்தார். அதைப் பெயர்த்துவிட்டுக் கம்பிவலை அடித்தேன். முகட்டுத் திறப்புக்கு மேலே, சாரல் புகாதபடி அகலமான தகர மூடி போட்டோம். பர்மா மழையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கதிர்வெப்பத்தைக் காற்றோட்டம் தடுக்காது. தகரத்தின்மேல் வெள்ளைப் பூச்சு அடிப்பதும், அடியில் இடைவெளி விட்டு அலுமினியத் தாள் கட்டுவதுமே அதற்குப் பலன் தரும். பூச்சு மட்டும் முடிந்திருக்கிறது. இப்போது பத்து மணிக்கே படுக்க முடிகிறது. பகல் இரண்டு மணிக்கு மட்டும் மாடிப் பக்கம் யாரும் போவதில்லை.