இசிக்-குல்: யுரேனியம் கரைந்த ஏரியில் ஒரு குளியல்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் டாக்டருக்குப் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கோடை லீவுக்கு அந்த நாட்டின் இசிக்-குல் ஏரிக்குப் போனால் பெரும்பாலும் வடகரையில்தான் இறங்குவார்கள். ஹோட்டல், படகு, கூட்டம் எல்லாம் அந்தப் பக்கம். எனக்குத் தென்கரைதான் வேண்டியிருந்தது, ஏனென்றால் காஜி-சாய் அங்கேதான் இருக்கிறது. சோவியத் காலத்தில் நிலக்கரியை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து யுரேனியம் எடுத்த ஊர்.

மார்ஷ்ருத்கா என்கிற நெருக்கியடித்த வேனில் ஏறி, பூம் பள்ளத்தாக்கைத் தாண்டி பாலிக்சி வந்தால் ஏரி ஆரம்பம். கடல் மட்டத்திலிருந்து 1,607 மீட்டர் உயரத்தில் 180 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் வந்து சேர்கின்றன, வெளியே போக மட்டும் ஒரு வழியும் இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அது மலையிலிருந்து கரைத்துக் கொண்டுவந்ததெல்லாம் இங்கேயே தங்கிவிடும். உப்பு அப்படிச் சேர்ந்ததுதான். தியான் ஷான் மலையின் கிரானைட் பாறைகளிலிருந்து வரும் யுரேனியமும் அப்படியே சேர்ந்திருக்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 30 மைக்ரோகிராம், அதாவது கடல்நீரில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பும் அதே 30தான், ஆனால் இந்த உப்புத் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள், குளிப்பதற்கு ஒரு பயமும் இல்லை. ஏரியின் கொள்ளளவு சுமார் 1,738 கன கிலோமீட்டர். வேனில் உட்கார்ந்தபடியே போனில் பெருக்கிப் பார்த்தேன், 50,000 டன்னுக்கு மேல் வருகிறது! உலகத்துச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் எடுப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

சரி, இவ்வளவும் ஏன் அடியில் போய்ப் படியவில்லை? 668 மீட்டர் ஆழம் வரைக்கும் இந்த ஏரியில் ஆக்ஸிஜன் இருக்கிறது, கார்பனேட்டும் நிறைய. இரண்டும் இருக்கிற இடத்தில் யுரேனியம் கரைந்தே இருக்கும், சேறு அதைச் சுலபத்தில் பிடிக்காது. மட்கிய இலைதழை சேர்ந்து ஆக்ஸிஜன் தீர்ந்துபோன சேறாக இருந்தால் கதையே வேறு, அங்கே யுரேனியத்தின் வேதியியல் நிலை மாறி, கரையாத பொருளாகி அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஜுராசிக் காலத்துச் சதுப்புகளில் மட்கிப் புதைந்த செடிகொடிதான் காஜி-சாயின் பழுப்பு நிலக்கரி. அதன் வழியாக ஊறிப் போன தண்ணீரிலிருந்த யுரேனியத்தை அது பிடித்து வைத்துக்கொண்டது. ஆக அடுத்தடுத்த இடத்திலேயே, கரையில் படிந்து கிடப்பது ஒன்று, ஏரியில் படியாமல் கரைந்தே இருப்பது ஒன்று. இதை நேரில் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. 1940களின் கடைசியில் தொடங்கிய சுரங்கத்தை 1960களில் மூடிவிட்டார்கள். நிலக்கரியை மின்நிலையத்தில் எரித்துக் கரண்ட் எடுத்தார்கள், மிஞ்சிய சாம்பலை அமிலத்தில் ஊறவைத்து யுரேனியத்தைப் பிரித்தார்கள். (ஒரே கரியில் இரண்டு தடவை லாபம்.) கழிவு மட்டும் ஏரிக்கு மேலே, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், ஒரு ஓடைப் பள்ளத்தில் வெகுகாலம் கிடந்தது. வெள்ளம் வந்தால் நேராக ஏரிக்குப் போகும் என்கிற பயம் இருந்தது, 2019-ல்தான் அதைச் சீர்செய்து மூடும் வேலை முடிந்தது. இப்போது போனால் மூடிய மேடும் அடையாளப் பலகையும்தான்.

எனக்கு அதைவிடக் கரைதான் பிடித்தது. அலை ஏறி இறங்கும் இடத்தில் வெளிர் மணலுக்கு நடுவே விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடுகள். போன் உறையிலிருக்கும் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனதும் மயிர் மாதிரிச் சிலிர்த்து ஒட்டிக்கொண்டது, மேக்னடைட் என்கிற இரும்புத் தாது. அதோடு ஒதுங்கும் கனமான தாதுக்களில் தோரியமும் உண்டு, தென்கரையில் சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பது அதனால்தான், சுரங்கத்தால் அல்ல. கறுப்பு மணலில் படுத்து வெயில் காய்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

திரும்பும்போது வந்த டிரைவரை எல்லோரும் 'பாய்கே' என்றுதான் கூப்பிட்டார்கள், அண்ணன் மாதிரி. பாலிக்சி நெருங்கும்போது மலைப்பக்கம் கை காட்டி "கிசில்-ஓம்போல், உரான்" என்றார். அங்கே யுரேனியம் எடுக்கப்போகிறார்கள் என்று 2019-ல் ஜனங்கள் தெருவில் இறங்கிப் போராடி, நாடு முழுக்கத் தடையே வந்தது. 2024-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டேன். சுற்றுலா வேன் ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா என்று சிரித்தார்.