மலையடிவாரத்து ராத்திரித் தங்கல்

கொடைக்கானல் என்றாலே இப்போது பிள்ளைகள் பாழடைந்த பங்களாவைத் தேடிப் போகிறார்கள். ஓடு சரிந்த கட்டடம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், வெள்ளைக்காரிப் பேய், நடுராத்திரி அழுகை என்று வீடியோ வந்துவிடுகிறது. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். ஒரு விடுதி பாழாகப் பேய் தேவையில்லை. பாதை இடம் மாறினாலே போதும். அப்படிப் பாதை மாறியதால் ஆளில்லாமல் போன தங்கல் ஒன்று மலைக்கு மேலே அல்ல, மலைக்குக் கீழே, எங்கள் பெரியகுளம் பக்கம் இருந்தது. கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு என்பார்கள். ஒரு காலத்தில் கொடைக்கானல் போகிறவர்கள் அங்கேதான் ராத்திரி தங்கி மலை ஏறினார்கள்.

முதலில் அவர்கள் ஏன் மலைக்குப் போனார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷன்காரர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது 1834-ல். வந்த வேகத்தில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களைப் பறிகொடுத்தார்கள். குளிர்ச்சியான இடம் தேடி முதலில் போனது கொடைக்கானலுக்கு அல்ல, திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்கு. அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடருக்கு ஏறினார்கள். 1821-லேயே வார்டு என்ற ராணுவ அதிகாரி அந்த மலையை அளந்திருந்தார். 1845-ல் மிஷன்காரர்கள் இரண்டு வீடுகள் கட்டினார்கள்: சன்னிசைடு, ஷெல்டன். கொடைக்கானல் ஊராகத் தொடங்கியது அந்த இரண்டு வீடுகளில். பிறகு மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863-ல் ஓடைக்குக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கேயே குடியேறினார். அப்போது கொடைக்கானலும் பெரியகுளமும் மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல், தேனி அதற்கும் பிறகு.

சரி, பயணத்துக்கு வருவோம். 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. வழியில் அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டும். இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டி. முப்பது மைலுக்கு மேல், வத்தலக்குண்டு, பெரியகுளம் தாண்டி ராத்திரியெல்லாம் உருண்டு தோப்புக்கு வந்து சேர வேண்டும். தோப்புக்கு மேலே வண்டி போகாது. மீதிப் பத்துப் பன்னிரண்டு மைலும் செங்குத்து ஏற்றம். நடந்தோ, மட்டக்குதிரையிலோ, நாற்காலியில் உட்கார்ந்து ஆள் தூக்கியோ போக வேண்டும். அதனால்தான் அடிவாரத்தில் ஒரு தங்கல் பங்களா தேவைப்பட்டது. அந்தக் காலத்துப் பயணிகள் பங்களா என்றால் பெரிய ஆடம்பரமெல்லாம் கிடையாது. கட்டில் இருக்கும், மெத்தை விரிப்பெல்லாம் வருகிறவர் கொண்டுவர வேண்டும். காவல்காரர் ஒருவர். சொன்னால் ஒரு கோழியைப் பிடித்து அடித்துக் குழம்பு வைப்பார்கள்.

அடிவாரத்தில் தூங்குவதுதான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தான பகுதி. காய்ச்சலுக்குப் பயந்து மலை ஏறுகிறவர்கள், அந்தக் காய்ச்சல் வளரும் இடத்திலேயே ஒரு ராத்திரி படுத்துத்தான் ஆக வேண்டும்! கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலம். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அதுவரை ராத்திரிக் காற்று படாமல் கதவை அடைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். என் அப்பத்தாவின் அப்பா தோப்பில் நாற்காலி தூக்கியவர். அப்பத்தா சொன்னதைத்தான் எழுதுகிறேன். இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே நாற்காலியைக் கட்டுவார்களாம். ஒரு நேரத்துக்கு நாலு பேர் தோள் கொடுப்பார்கள், கூடவே நாலு பேர் சும்மா நடந்து வந்து முறை மாற்றுவார்கள். கருக்கலில் கம்பங்கூழைக் குடித்துவிட்டுக் கிளம்பினால்தான் வெயில் ஏறுவதற்குள் பாதி மலை தாண்ட முடியும். "எங்கய்யா தோளுல கை வச்சா கல்லு மாதிரி இருக்கும்டா. அந்தப் பக்கமாச் சாஞ்சு படுக்கவே மாட்டாரு" என்பார் அப்பத்தா. ஆட்களை மட்டுமா தூக்கினார்கள்? ஜன்னல் கண்ணாடி, இரும்புக் கட்டில், அடுப்பு, பாட்டுப்பெட்டி எல்லாம் தோளிலும் தலையிலும் போனவைதான். மேலே இன்று நாம் நின்று போட்டோ எடுக்கிற பழைய பங்களாக்களுக்குள் இருந்த சாமான்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

தோப்பின் கதையை முடித்தது லாஸ் காட் என்று பெயர் வாங்கிய சாலை. லா என்ற ராணுவ இன்ஜினியர் 1875 வாக்கிலேயே வத்தலக்குண்டுப் பக்கமிருந்து மலைக்கு வண்டிப்பாதை போடத் திட்டம் போட்டுவிட்டார். அடுத்த வருடமே தாது வருசப் பஞ்சம் வந்தது. ஜனங்கள் கஞ்சித்தொட்டி வாசலில் செத்து விழுந்த நேரம். சாலைக்குப் பணம் ஏது? வேலை நின்றது. அந்தத் தாமதம்தான் தோப்புக்கு மேலும் முப்பது நாற்பது வருட ஆயுளைக் கொடுத்தது. கடைசியில் 1910-களின் நடுவில் சாலை திறந்து மோட்டார் ஓடியதும், ஸ்டேஷனில் இறங்கியவர் அன்றைக்கே ஏரிக்கரையில் நின்றார். அடிவாரத்தில் ராத்திரி தங்குவதற்குக் காரணமே இல்லை. பெரியகுளம் பக்கம் இருந்த பிழைப்பு வத்தலக்குண்டு பக்கம் போய்விட்டது. அப்பத்தாவின் அப்பா மாந்தோப்புக் காவலுக்குப் போனார்.

மேலேயும் இதே மாதிரி மாற்றங்கள் நடந்தன. 1901-ல் மிஷன்காரர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, ஹைகிளெர்க் என்ற ஹோட்டல் இருந்த இடத்துக்குக் குடிபோனது. ஹோட்டலின் பெயரே பள்ளிக்கும் ஒட்டிக்கொண்டு 1970-கள் வரை நின்றது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் அதுதான். புது வேலை கிடைத்த கட்டடம் நின்றது. தோப்பு பங்களாவுக்கு அப்படி ஒரு வேலை கிடைக்கவில்லை.

இன்று மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் மூன்று நான்கு மணி நேரத்தில் கொடைக்கானல். பழைய ஏற்றம் எப்படி இருந்திருக்கும் என்று காலால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் வெள்ளகவி வழியாகப் போய்ப் பாருங்கள். வார்டு காலத்திலேயே இருந்த ஊர் அது. ஊருக்குள் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், வனத்துறை அனுமதியும் ஊர்க்காரர் துணையும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். தங்கல் பங்களாக்களில் வந்து தங்கிய துரைமார் பெயரை எழுதப் பதிவேடு இருந்தது. தூக்கியவர்களின் பெயர்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கின்றன. பெரியகுளம், வடுகபட்டி, லட்சுமிபுரம் பக்கத்துக் குடும்பங்களில் யாருக்காவது இந்தக் கதை தெரிந்தால், தாத்தா பெயரோடு எழுதி அனுப்புங்கள். வீட்டில் எண்பது தாண்டியவர்கள் இருந்தால் இந்த வாரமே போனை வைத்துக் குரலைப் பதிவு செய்துவிடுங்கள். என் அப்பத்தா குரல் என்னிடம் இல்லை.