மூன்றடிக் கம்பு

2024 ஓகஸ்ட் 4, ஞாயிறு

ரீச்சரை நேற்றுப் பின்னேரம் எடுத்தார்கள். கச்சான் காற்று மயானத்து மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் படுவான்கரைச் சனம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையில் இருக்கிற எங்கள் ஆட்கள்.

திரும்பும்போது ரீச்சரின் தம்பி படலையடியில் மறித்தார். "தங்கச்சி, கல்வெட்டுக்கு ரெண்டு பக்கம் நீங்க எழுதித் தரணும். முப்பத்தொண்டுக்கு முந்தி அச்சடிக்கணும், இருபதாம் திகதிக்குள்ள தாங்க" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு அச்சடிக்கிற நினைவுப் புத்தகம்.

இரவு உட்கார்ந்து 'அன்னார் தலைசிறந்த விளையாட்டு ஆசிரியையாகத் திகழ்ந்தார்' என்று எழுதினேன். எந்தக் கல்வெட்டைப் புரட்டினாலும் இருக்கும் வரி. வெட்டிவிட்டேன். கல்வெட்டுக்கு எது சரிவரும் என்று பிறகு பார்ப்போம். நினைவு வருகிறபடியே முதலில் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

செவ்வாயும் வியாழனும் ரீச்சர் எங்களுக்கு வலைப்பந்து (நெட்போல்) பழக்க வரும் நாள்.

1996இல் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்கென்று ஒரு ஆசிரியரும் இல்லை. ரீச்சர் படிப்பித்தது வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில். அங்கே பள்ளி விட்டதும் பஸ் ஏறிக் குருக்கள்மடத்தில் இறங்கி, துறையடிக்கு நடந்து, பாதையில் ஏறி அம்பிளாந்துறைக்கு வருவார். வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன்: பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. இதற்காக அவருக்கு யாரும் ஒரு சதம் கொடுத்ததில்லை. பஸ் காசும் அவருடையதுதான்.

அப்போது வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு ஆட்சி, அந்தப் பக்கம் ஒரு ஆட்சி. பாதை ஏறுமுன் சோதனைச் சாவடி. அங்கே பந்தைக் குலுக்கிப் பார்ப்பார்கள், அமத்திப் பார்ப்பார்கள், பல நாள் காற்றைத் திறந்துவிடச் சொல்வார்கள். பம்ப் கொண்டுவர விடமாட்டார்கள். அதனால் எங்களிடம் வந்து சேரும் பந்து சப்பளிந்து, மடித்த தொப்பி மாதிரி ரீச்சரின் பையில் கிடக்கும். காற்றடிக்கும் ஊசியை மட்டும் சேலைத் தலைப்பின் உள்பக்கம் ஊக்கால் குத்தி வைத்திருப்பார்.

மூன்று மணிக்கு நாங்கள் எல்லோரும் சைக்கிள் கடை வாசலில் நிற்போம். கடைக்கார மாமா வாய்க்குள் வைத்து நனைத்த ஊசியைப் பந்தில் இறக்கி, கால் பம்பை மிதிப்பார். முதல் பத்து மிதிக்கு ஒன்றும் நடக்காது. அப்புறம் பந்தின் ஒரு பக்கம் 'டப்' என்று வெளியே வரும், மறுபக்கமும் வரும். ரீச்சர் வாங்கி நிலத்தில் ஒருமுறை குத்துவார். சத்தத்தைக் கேட்டே "இன்னும் நாலு மிதி" என்பார். எத்தனையோ மைதானத்தில் நின்றிருக்கிறேன். அந்தக் கடை வாசலில் பந்து உருண்டு வந்தபோது இருந்த சந்தோஷம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

பாதை ஓடாத நாளும் உண்டு. அப்படியான நாளில் அக்கரையில் ஒரு கறுப்புக் குடை விரியும். இரண்டு தரம் உயர்ந்து தாழ்ந்தால், 'இண்டைக்கு ஏலாது, நீங்க ஓடுங்க' என்று அர்த்தம். நாங்கள் துறையடியிலிருந்து கோயிலடி மட்டும் ஓடித் திரும்புவோம். குடை அதுவரைக்கும் அங்கேயே நிற்கும்.

ஓகஸ்ட் 10, சனி

கம்பைப் பற்றி எழுதவேண்டும்.

அப்போது வலைப்பந்தில் ஒரு சட்டம் இருந்தது. பந்தை வைத்திருப்பவளின் காலுக்கும் தடுக்கிறவளின் காலுக்கும் இடையில் மூன்றடி இடைவெளி வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை உயர்த்தித் தடுக்கலாம். இதைக் காட்டத்தான் ரீச்சர் சரியாக மூன்றடியில் ஒரு கம்பு வெட்டி வைத்திருந்தார். இரண்டு நுனியிலும் சிவப்பு நெயில் பொலிஷ் பூசியிருக்கும்.

முதல் நாள் அந்தக் கம்பைக் கண்டதும் நாங்கள் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த கம்புக்கு வேறு வேலை கிடையாது. ரீச்சருக்கு விளங்கிவிட்டது. கம்பை மணலில் படுக்கவைத்து, ஒரு நுனியில் தன் சப்பாத்தை வைத்துக்கொண்டு, "இது அடிக்கிற கம்பில்லகா, அளக்கிற கம்பு. வா, மத்த நுனியில உண்ட கால வை" என்று என்னைத்தான் கூப்பிட்டார். ஆறு வருஷம் அவரிடம் விளையாடினேன். அந்தக் கம்பு ஒருவர் மேலும் பட்டதில்லை.

எனக்கு ஷூட்டராக ஆசை. ஏழு பேரில் ஜீ.எஸ்., ஜீ.ஏ. இரண்டு பேர்தான் வளையத்துக்குள் போடலாம். கைதட்டு முழுக்க அவர்களுக்குத்தான். நான் உயரம், எனக்குத்தான் அந்த இடம் என்று நினைத்திருந்தேன். ரீச்சர் என்னை ஜீ.கே. ஆக்கினார். கடைசி வட்டத்துக்குள் நின்று தடுக்கிற வேலை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் அழுதேன். அடுத்த வியாழன் போகவும் இல்லை.

ரீச்சர் வீடு தேடி வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "புள்ள, வளையம் பத்தடி உயரத்தில அசையாம நிக்கிது. அதுக்குப் போட ஆள் பழக்கலாம். ஓடி வாற ஒருத்திக்கு முன்னால மூண்டடி தள்ளி நிண்டு, அவள்ட கண்ணப் பாத்துக்கொண்டு, தொடாம மறிக்கிறதுக்குப் பொறுமை வேணும். இந்த ரீமில உனக்கு மட்டும்தான் அது இருக்கு" என்றார். மறுகா, "ஒண்ணா எண்டா இப்பவே சொல்லு, பாதை போகப் போகுது" என்று எழும்பினார். எனக்குப் பொறுமை இருக்கிறதென்று அதுவரை யாரும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

ஓகஸ்ட் 15, வியாழன்

கந்தோர் அலுவலாக மட்டக்களப்பு நகரத்துக்குப் போனேன். வெபர் மைதானத்தடியில் பஸ் நின்றது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர் அந்த மைதானத்துக்கு. அவருடைய சபையைச் சேர்ந்த ஹேபியர் அடிகளாரும் இங்கே கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர். 1990இல் இதே ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வெளிக்கிட்டவர், கூட வந்த இளைஞனோடு காணாமல் போனார். இன்றைக்கு 34 வருஷம்.

ரீச்சர் சின்னப் பிள்ளையாய் நகரத்தில் மாமி வீட்டில் இருந்து படித்தவர். பின்னேரங்களில் மதிலுக்கு வெளியே நின்று ஆண் பிள்ளைகளின் கூடைப்பந்துப் பயிற்சியைப் பார்ப்பாராம். ஒரு காலை ஊன்றிக்கொண்டு மற்றக் காலால் சுற்றித் திரும்புவதை அங்கேதான் கண்டு பிடித்தேன் என்பார். எங்களுக்கு அதைச் சொல்லித் தந்தபோது ஆங்கிலப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. "கிறுகு புள்ள, கிறுகு" என்பார், அவ்வளவுதான்.

பயிற்சி முடிந்ததும் பந்தைப் பையில் போடமுன் ரீச்சர் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டு நடப்பார். ஒழுங்காகக் கிறுகியவளின் இடத்தில் ஒரு குழி ஆழமாக இருக்கும். அதைச் சுற்றிப் பிறை பிறையாக மற்றக் காலின் தடம். இரண்டு குழி இருந்தால் ஊன்றிய கால் அசைந்துவிட்டது. "இதில ஆர் நிண்ட?" என்று கேட்பார். பொய் சொல்ல முடியாது, தடத்தின் மேல் எங்கள் காலை வைத்துப் பார்ப்பார்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

சப்பாத்துக் கதை. இதைக் கல்வெட்டில் போடலாமா என்று தெரியவில்லை, ஆனால் எழுதாமல் விட மனமில்லை.

1998இல் முதன்முதலாக வாவியைக் கடந்து ஒரு போட்டிக்குப் போனோம். வெறுங்காலோடு விளையாட விடமாட்டோம் என்று அங்கே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். முன்கூட்டி ஒருவரும் அறிவிக்கவில்லை. எங்களில் ஒருத்திக்கும் சப்பாத்து இல்லை. ரீச்சர் வாதாடவில்லை. தோற்று வெளியேறிய ரீம்களிடம் ஒவ்வொன்றாகப் போனார். எங்கள் பாதங்களைத் தன் சாணால் அளந்து, அவர்களுடைய சப்பாத்துகளையும் அளந்து, ஏழு சோடி வாங்கி வந்தார். எனக்குக் கிடைத்தது பெரிது. முனையில் பேப்பர் திணித்துக்கொண்டேன்.

14க்கு 9 என்று தோற்றோம். கடைசிக் கால்பகுதியில் என் வட்டத்துக்குள் ஒரேயொரு கோல்தான் போட்டார்கள். அதை நான் இப்போதும் பெருமையாகவே சொல்வேன்.

ஆட்டம் முடிந்ததும் ரீச்சர் எங்களைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் குந்தி, ஏழு சோடியையும் எங்களோடு சேர்ந்து கழுவினார். லேசுகளைத் தனியாகக் கழற்றிப் பிழிந்தார். "கடன் வாங்கின சாமான வாங்கினதிலும் வடிவாக் குடுக்கணும்." ஈரச் சப்பாத்தை வாங்கிய ஒரு பிள்ளை எங்களைப் பார்த்து, "உங்கட கீப்பர் நல்லா விளையாடினவ" என்றது. ரீச்சர் என்னைப் பார்க்காமல் லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கம்பும் குடையும் இருக்கின்றன. சப்பாத்தை விட்டுவிட்டேன். இடம் போதவில்லை.

2018 செப்ரெம்பரில் ஆசியக் கிண்ண வலைப்பந்து இறுதியாட்டத்தை ரீச்சர் வீட்டில் என் போனில் பார்த்ததையும் எழுதவில்லை. சிங்கப்பூரை 69க்கு 50 என்று இலங்கை வென்ற ஆட்டம். இலங்கையின் ஷூட்டர், 6 அடி 10 அங்குலத் தர்ஜினியை எல்லோரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ரீச்சர் மட்டும் திரையில் விரலை வைத்து, "பந்து அவள்ட கைக்கு வந்து சேருற வழியப் பார். இந்தப் புள்ளைகள்ட காலப் பார்" என்று நடுவில் ஓடுகிறவர்களையே காட்டிக்கொண்டிருந்தார்.

செப்ரெம்பர் 1, ஞாயிறு

இன்று முப்பத்தோராம் நாள். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் சுற்றிப் போயிருக்கலாம். நாங்கள் பழைய ரீமில் ஐந்து பேர் பேசிவைத்து அம்பிளாந்துறைப் பாதையில் போனோம். ஆற்றுக்கு நடுவில் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் குருக்கள்மடத்துக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிரியை முடிந்து சாப்பிட்ட பிறகு வளவில் வேப்பமரத்தடியில் இருந்தோம். கல்வெட்டில் கம்பைப் படித்துவிட்டு எங்கள் சென்டர் சொன்னாள், அது பூவரசங் கம்பு. இல்லை, கொய்யா என்றாள் விங் அட்டாக். தம்பியிடம் கேட்டோம். வீடு மாறியபோது எங்கே போனதோ தெரியாது என்றார்.

"இருந்தா அளந்து பாக்கலாம்" என்று ஒருத்தி சொல்ல, நான் எழும்பி எங்கள் ஷூட்டருக்கு முன்னால் போய் நின்றேன். அவள் கையில் பந்து இருக்கிற மாதிரித் தலைக்கு மேல் பிடித்தாள். நான் பின்னால் போய்க் காலை ஊன்றிக் கையை உயர்த்தினேன். வட்டத்தில் என்னோடு சேர்ந்து தடுத்த எங்கள் ஜீ.டி., இப்போது கொக்கட்டிச்சோலையில் தையல் கடை வைத்திருப்பவள், கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் குந்தி, அவளுடைய பெருவிரலில் ஒரு நுனியை வைத்து என் பெருவிரல் மட்டும் இழுத்தாள்.

"முப்பத்தாறேகால்" என்றாள். "கால் அங்குலம் கூட. ஃபவுல் இல்ல."