ஒரு கால் வளைஞ்சிருக்கு

வினிகரில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரி கசிந்து கீபோர்டு சொருகும் இடம் வரை பச்சை பூத்திருந்தது.

கம்ப்யூட்டரின் மூளையான இண்டெல் 486 சில்லைக் கழற்றித் துடைத்தால், பொடி எழுத்தில் 'மலாய்', அதாவது மலேசியா.

உள்ளிருக்கும் சிலிக்கான் எங்கோ செய்தது. அதற்கு ஓடு மாட்டிச் சோதித்தது நம்ம ஊரில். இண்டெல் 1972லேயே பினாங்குக்கு வந்துவிட்டதே.

ரப்பர் தோட்டத்தை விட்டுப் போன எத்தனை அக்காமார் கை பட்டதோ!

எங்கள் அத்தையும் அப்படித்தான். சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டுவதை விட்டுவிட்டு, பினாங்கில் வேறொரு சில்லுத் தொழிற்சாலைக்குப் போனவர்.

காட்டினேன். எழுத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திருப்பிப் பார்த்தார். அடியில் 168 கம்பிக் கால்கள்.

"ஒரு கால் வளைஞ்சிருக்கு. அப்படியே சொருகிடாதய்யா. ஊசி கொண்டா."

கம்ப்யூட்டர் உயிர்பெற்று, திரையில் மெமரி எண்ண ஆரம்பித்தபோது மணி பதினொன்று. அத்தை இன்னும் தூங்கப் போகவில்லை.