லௌகிக ஞானமும் கரிநெருப்பும்

வேதபாடம் எடுப்பவர்கள் கொஞ்சம் இலக்கணமும் வரலாறும் படித்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் கொலோசெயர் 2:8-ஐத் திறந்துவிடுவார். "லௌகிக ஞானத்தினாலும், மாயமான தந்திரத்தினாலும், ஒருவனும் உங்களைக் கொள்ளைகொண்டுபோகாதபடிக்கு எச்சரிக்கையாயிருங்கள்." அதற்கு மேல் பேச்சு நகராது.

அங்கே 'லௌகிக ஞானம்' என்று நம் பழைய தமிழ் வேதாகமத் திருப்புதல் சொல்வது கிரேக்கத்தில் 'பிலோசோபியா'. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. முதல் நூற்றாண்டில் ஒரு கூட்டத்தாரின் வாழ்க்கைநெறி முழுவதையுமே இப்படிச் சொல்வதுண்டு. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பரிசேயர், சதுசேயர், எசேனியர் ஆகிய பிரிவுகளுக்கு இதே பெயரைத்தான் வைக்கிறார். கொலோசெயில் நுழைந்தது எந்த நெறி என்று தெரிய வேறு புத்தகம் வேண்டாம், அதே அதிகாரம் போதும்: போஜனம், பானம், மாதப்பிறப்பு, ஓய்வுநாள் (வசனம் 16), தேவதூதர் ஆராதனை (18), "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" (21). எல்லாம் பக்தியின் பெயரில் வந்தவை. இலக்கணமும் அகராதியும் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த நிருபத்தை எழுதிய பவுலும் புத்தகங்களைத் தள்ளியவர் அல்ல. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" (1 கொரிந்தியர் 15:33) என்பது மெனாண்டர் என்ற கிரேக்க நாடகக் கவியின் வரி. அத்தேனே பட்டணத்தில் பேசியபோது ஆராத்துஸ் என்ற கவியை எடுத்தாள்கிறார் (அப்போஸ்தலர் 17:28). சிறையிலிருந்து எழுதும்போதும் மேலங்கியோடு புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார் (2 தீமோத்தேயு 4:13).

வேடிக்கை என்னவென்றால், படிப்பு வேண்டாம் என்கிற அதே பிரசங்க பீடத்திலிருந்துதான் "மூலபாஷையில் பார்த்தால்…" என்ற வார்த்தையும் அதிகமாகக் கேட்கும். ரோமர் 1:16-இல் 'பெலன்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'துனாமிஸ்'. டைனமைட் அதிலிருந்து வந்தது. ஆகவே சுவிசேஷம் பாறையைப் பிளக்கும் வெடி என்பார்கள்! டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபல் தன் வெடிமருந்துக்கு அந்தப் பெயரை வைத்தது 1867-இல். பவுலின் மனதில் வெடிச்சத்தம் இருந்திருக்க வழியே இல்லை. பழம்பாட்டில் 'பூ நாறும்' என்று வந்தால், பூவிலிருந்து துர்நாற்றம் அடிக்கிறது என்று உரை சொல்வதற்குச் சமம் இது.

இரண்டாவது பிழை இன்னும் பிரபலம்: கிரேக்கத்தில் 'அகாப்பே' என்றால் தெய்வீக அன்பு, 'பிலேயோ' என்றால் வெறும் நட்பு என்பது. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் 2 சாமுவேல் 13:15-ஐப் பாருங்கள். தன் சகோதரி தாமாரைப் பலவந்தப்படுத்திய அம்னோன் அவள்மேல் வைத்த விருப்பத்துக்கு அங்கே இருக்கும் சொல் அகாப்பே. பவுலின் உடன் ஊழியன் தேமா "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" ஓடிப்போனான் என்பதிலும் (2 தீமோத்தேயு 4:10) அதன் வினைச்சொல்தான். பரிசேயர் ஜெப ஆலயத்தில் முதன்மையான ஆசனங்களை விரும்பினார்களே (லூக்கா 11:43), அதற்கும் அதேதான்.

இந்தப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் ஸ்ட்ராங் எண்களை, அதாவது வேதத்தின் ஒவ்வொரு மூலபாஷைச் சொல்லுக்கும் ஸ்ட்ராங் அகராதி தரும் எண்களைக் கையாளும் விதத்திலிருந்து. 1890-இல் வெளிவந்த அந்த ஒத்தவாக்கிய அகராதியில் அகாப்பேயின் வினைச்சொல்லான அகப்பாவோ 25, பிலேயோ 5368. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே ஒரு சொற்பட்டியல் இருக்கும். ஒரு பழைய ஆங்கிலத் திருப்புதல் அந்தக் கிரேக்கச் சொல்லை வெவ்வேறு இடங்களில் எப்படியெல்லாம் பெயர்த்தது என்பதற்கான கணக்கும் அதில்தான் அடங்கும். விருந்துப் பந்தியில் பிடித்ததை எடுத்துப் போட்டுக்கொள்வதுபோல் அதிலிருந்து ஒன்றைப் பொறுக்கி வசனத்தில் வைத்தால் தப்பாகத்தான் முடியும். எண்ணை வைத்துச் செய்ய வேண்டிய வேலை வேறு. முதலில் அதே புத்தகத்தில் அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் வாசிக்க வேண்டும். பிறகு அதே ஆசிரியரின் மற்ற எழுத்துகள், அதன்பின் மற்ற புதிய ஏற்பாடு, கடைசியாகக் கிரேக்கப் பழைய ஏற்பாடு. வியாக்கியான நூலை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். முதலிலேயே திறந்தால் உங்கள் கண் வேலை செய்யாது, அந்த நூலாசிரியர் பார்த்ததைத்தான் பார்ப்பீர்கள்.

படிப்பு சங்கடமான செய்தியையும் கொண்டுவரும். 1 யோவான் 5:7-இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று சாட்சியிடுகிற மூவர் நம் பழைய திருப்புதலில் இருக்கிறார்கள். பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வாக்கியம் இல்லை. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக்குப் பிறகு 1522 பதிப்பில் சேர்த்தார். இதை மறைத்துக்கொண்டு திரித்துவத்துக்கு இந்த வசனத்தைத் தூணாக நிறுத்தினால், செல்போன் வைத்திருக்கும் ஒரு வாலிபன் ஒரு நிமிடத்தில் அதைச் சாய்த்துவிடுவான். மத்தேயு 28:19-ஐ எடுங்கள், அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. அதே சமயம் பிரதிகளை ஒப்பிடுகிறவரின் அதிகாரம் எதுவரை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த வாக்கியம் யோவான் எழுதியதா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லலாம். தேவன் திரியேகரா என்பது அவருடைய மேஜைக்கு வரும் கேள்வியே அல்ல.

யோவான் 21-இல் இந்த எல்லை இன்னும் நன்றாகத் தெரியும். இயேசு பேதுருவிடம் தன்மேல் அன்பு உண்டா என்று மூன்று தரம் கேட்கிறார்: முதல் இரண்டு தரம் அகப்பாவோ என்ற சொல்லால், மூன்றாந்தரம் பிலேயோ. பேதுரு மூன்று தரமும் பிலேயோ. நம் திருப்புதல் இதை விடவில்லை: "அன்பாயிருக்கிறாயா", "அன்பாயிருக்கிறாயா", பிறகு "நேசிக்கிறாயா". பேதுருவின் தாழ்ந்த அன்புக்கு ஆண்டவர் இறங்கிவந்தார் என்று இதில் ஒரு முழுச் செய்தியே கட்டுவார்கள். ஆனால் அதே மூன்று வசனங்களில் ஆட்டுக்குட்டி, ஆடு என்று சொல் மாறுகிறது. மேய்ப்பதற்குக் கிரேக்கத்தில் இரண்டு வினைகள், அறிவதற்கும் இரண்டு. அவற்றை வைத்து யாரும் செய்தி கட்டுவதில்லை. சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது யோவானின் கை. தவிர, மூன்றாந்தரம் கேட்டபடியினால்தான் பேதுரு துக்கப்பட்டான் என்று யோவானே எழுதிவிட்டார். புதுக் கேள்வியாக இருந்தால் மூன்றாந்தரம் என்று எண்ண முடியாது.

இதில் கிரேக்கமே தேவைப்படாத ஒரு சொல்லைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 21:9-இல் சீஷர்கள் கரையேறியதும் முதலில் காண்பது கரிநெருப்பு. ஒத்தவாக்கிய அகராதியில் அதைத் தேடுங்கள். கிரேக்கத்தில் 'அந்த்ரக்கியா', புதிய ஏற்பாட்டில் இரண்டே இடம். மற்றது யோவான் 18:18: பிரதான ஆசாரியனின் முற்றம், குளிர், ஊழியக்காரர் மூட்டிய கரிநெருப்பு, அங்கே நின்று குளிர்காய்கிற பேதுரு. அவன் மறுதலித்ததும் மூன்று தரம். இரண்டு இடத்திலும் நம் திருப்புதல் 'கரிநெருப்பு' என்றே வைத்திருப்பதால் தமிழில் வாசித்தாலே போதும், 18-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரே மூச்சில், சத்தமாக.

இதுவரை அகராதி கூட வரும். அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த பிறகு "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்பவருக்கு எந்த எண்ணைப் பார்த்துப் பதில் சொல்வது? பேதுருவும் தன் அன்புக்கு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. "ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிந்திருக்கிறீர்" என்றான்.