கன்வர்ட்டரை மாற்றச் சொன்னார்கள். கசிந்தது வேறு இடம்

எங்களிடம் இருப்பது 2013-இல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். அல்சூரில் வீடு, எம்.ஜி. ரோடு பக்கம் அலுவலகம், சாயங்காலம் மார்க்கெட், மாதம் ஒருமுறை அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவது. பெங்களூரில் அதன் ஓட்டம் பெரும்பாலும் இவ்வளவுதான். புகைக்குழாய்க்கு இதைவிடக் கெட்ட பிழைப்பு கிடையாது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். வண்டி நீண்ட தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி, அந்த நீர் ஆவியாகவே வெளியே போய்விடும். மூன்று நான்கு கிலோமீட்டரில் நிறுத்திவிட்டால் உள்ளேயே தங்கும். புகையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும். உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

கோளாறு முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. குளிர்காலக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்கு அடியில் ‘டிக் டிக்’ என்று சத்தம். ஐந்து நிமிடம் ஓடினால் போய்விடும். அப்புறம் மூன்றாவது கியரில் போகும்போது பின்பக்கம் ஓர் உறுமல் சேர்ந்துகொண்டது. பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தது. கடைசியாக, டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது.

இதையெல்லாம் கூட நான் சற்றுத் தள்ளிப்போட்டிருப்பேன். கே.ஆர். புரம் தொங்கு பாலத்துக்கு அருகே நெரிசலில் வெகுநேரம் நின்ற ஒரு நாள், பின்சீட்டிலிருந்த அம்மா “தலை கனமா இருக்குடா, குமட்டுது” என்றார். கண்ணாடியை இறக்கி, ஓரமாக நிறுத்திக் காற்று வாங்கவிட்டதும் சரியாகிவிட்டது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன், இது சரியாகும்வரை யாரும் பின்சீட்டில் உட்காரக் கூடாது என்று. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இவைதான் முதல் அறிகுறிகள். ஹேட்ச்பேக்கில் சைலன்சர் பின்கதவுக்கு நேர் கீழே இருக்கிறது. கதவின் ரப்பர் பழசாகியிருந்தால் கசியும் புகை உள்ளே வர வழி சுலபம். பழைய கார் வைத்திருப்பவர்கள் சத்தத்தைச் சகித்துக்கொண்டாலும் இதைச் சகித்துக்கொள்ளவே கூடாது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். இரண்டு ‘கோடு’கள், அதாவது கோளாறைக் குறிக்கும் எண்கள், வந்தன: பி0420, பி0171. முதலாவது, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பது. இரண்டாவது, இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்பது. “கன்வர்ட்டர் போயிடுச்சு சார், புதுசு போடணும்” என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள். நான் யோசிப்பதைப் பார்த்து, “உள்ளே இருக்கிறதைத் தட்டி எடுத்துட்டு வெறும் கூட்டை வெல்டு பண்ணிடலாம், செலவு கம்மி” என்றார்கள்.

அதற்கு நான் சம்மதிக்கவில்லை. அந்தக் கூட்டுக்குள் இருப்பது தேன்கூட்டு வடிவப் பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் மாற்றி அனுப்புவது அதுதான். அதைத் தட்டி எடுத்தால் அத்தனை விஷமும் நேராகத் தெருவுக்கு வரும், சட்டப்படியும் தவறு. அல்சூர்ச் சந்துகளில் குழந்தைகளின் முகத்துக்கு நேராகத்தான் நம் டெயில்பைப் இருக்கிறது.

என்னை யோசிக்க வைத்தது இன்னொரு விஷயம்: கன்வர்ட்டர் மட்டும் கெட்டிருந்தால் பி0171 ஏன் வர வேண்டும்? இன்ஜினுக்கும், கன்வர்ட்டருக்கு முன்னால் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் முன் சென்சாருக்கும் இடையில் எங்காவது கசிந்தால், புகை வெளியேறுவதோடு, துடிப்புக்குத் துடிப்பு வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறைந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். அதே காற்று கன்வர்ட்டருக்குப் பின்னாலுள்ள சென்சாரையும் குழப்பினால், நல்ல கன்வர்ட்டர்மீதே பழி விழும்.

கார் கம்ப்யூட்டரின் தகவலைப் போனில் காட்டும் ஒரு சின்ன புளூடூத் ஓ.பி.டி. அடாப்டர் கையில் இருந்தது. போனில் ஃபியூயல் ட்ரிம் பார்த்தேன், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு. ஐடிலிங்கில் ஏகமாகக் கூடியிருந்தது, ஆக்சிலரேட்டரை அழுத்தி 2500 ஆர்.பி.எம். பக்கம் பிடித்தால் இறங்கியது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கசிவின் பாதிப்பு அதிகம், வேகம் கூடினால் குறைவு. கசிவு என்ற சந்தேகம் எனக்கு அதோடு வலுத்துவிட்டது.

மர்பி டவுனில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பல வருடமாக சைலன்சர் வேலை மட்டுமே செய்யும் ஓர் அண்ணன் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். “கோடு வந்தா அந்தப் பார்ட்டு போச்சுன்னு அர்த்தம் இல்ல சார். ராத்திரி வண்டிய இங்கயே விட்டுடுங்க. காலைல இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் பாக்கணும்” என்றார்.

மறுநாள் அவர் செய்த சோதனையை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தை டெயில்பைப்பில் வைத்துத் துணியால் இறுக்கினார். இன்ஜின் ஓடவில்லை, எதுவும் சூடாக இல்லை, எல்லா இடத்திலும் கை வைக்கலாம். பிறகு சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் நிரப்பி, இன்ஜின் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மூட்டாக அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்.

இன்ஜினிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில், ஒரு ஓரத்தில் நுரை பொங்கியது. அங்கே ஒரு ஸ்டட் (நட்டு மாட்டி இறுக்கும் மரைத் தண்டு) ஒடிந்திருந்தது, இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டின் ஓரத்தில் கரி படிந்த தடம். உலோகம் சூடாகி விரிந்ததும் அந்த இடைவெளி அடைத்துக்கொள்கிறது; ‘டிக் டிக்’ ஐந்து நிமிடத்தில் நின்றதன் காரணம் இதுதான். இரண்டாவது நுரை ஃப்ளெக்ஸ் பைப்பில். கம்பி வலை பின்னியிருக்கும் அந்த வளையும் குழாய் பிரிந்துபோயிருந்தது. மூன்றாவது பின் சைலன்சரின் அடித் தையலில். அம்மாவின் தலைவலிக்கு வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும். கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். உள்ளே கலகலவென்ற சத்தம் இல்லை, பீங்கான் உடையவில்லை.

பிறகு நடுக்குழாயைத் தூக்கிப் பிடித்து ஒன்றைக் காட்டினார். அதைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பர் அறுந்திருந்தது. குழாய் தொய்ந்து, ஒவ்வொரு ஹம்ப்பிலும் உரசி அடிவாங்கி, அந்த இழுவை முழுவதும் ஃப்ளெக்ஸ் பைப்புக்கும் மேனிஃபோல்டுக்கும் போயிருக்கிறது. இருக்கிற பாகங்களிலேயே விலை குறைந்த அந்த ரப்பரிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது என்பது அவர் கணிப்பு. நானும் அதை நம்புகிறேன்.

சாமான்களுக்கு ஜே.சி. ரோடு போனேன். தமிழ், கன்னடம், உருது மூன்றும் ஒரே பேச்சில் கலந்து ஓடும் கடைகள். துருப்பிடிக்காத சைலன்சர் என்றால் காந்தம் ஒட்டாது என்று ஒரு கடையில் அடித்துச் சொன்னார்கள். அது சரியல்ல. சைலன்சர்களில் அதிகம் பயன்படும் 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் நன்றாகவே ஒட்டும். நான் பார்த்தது தகட்டின் கனம், வெல்டிங் சுத்தம், அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு துளை. பழைய சைலன்சருக்கு ஒட்டுப்போடவே வேண்டாம் என்று அண்ணன் சொல்லியிருந்தார்; அரித்த தகட்டில் வெல்டிங் நிற்காது, பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

ஒடிந்த ஸ்டட்டை எடுப்பதுதான் இருந்ததிலேயே பெரிய வேலை. முதல் நாளே துரு இளக்கும் ஆயிலை விட்டு ஊறவைத்தார். மறுநாள் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு (வெல்டிங் மின்சாரம் இன்ஜின் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக), ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்தார். அந்தச் சூட்டிலேயே பிடி விட்டது; ஸ்பேனர் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, முழுசாக வெளியே வந்தது. மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தார். வளையவில்லை. புது கேஸ்கட், புது நட்டுகள், நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி டார்க் ரெஞ்சில் இறுக்கம். பக்கத்திலிருந்த பையன் சிலிகான் பேஸ்ட்டைக் கொண்டுவந்தபோது, “அது வேணாண்டா, அதோட ஆவி பட்டா சென்சார் செத்துடும்” என்று திருப்பி அனுப்பினார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் மறுபடி போவேன்.

ஃப்ளெக்ஸ் பைப்பை அதே நீளம், அதே விட்டத்தில் வெட்டி வைத்து வெல்டு செய்தார். ஹேங்கர் ரப்பர்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். ஸ்பார்க் பிளக்குகளும் தேய்ந்திருந்தன. அவற்றையும் மாற்றச் சொன்னேன். பிளக் சரியாக எரிக்காவிட்டால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, பீங்கானையே உருக்கிவிடும்.

கோடுகளை அழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹோஸ்கோட்டே தாண்டி ஒரே சீரான வேகத்தில் ஓட்டினேன். அழித்த பிறகு கம்ப்யூட்டர் கன்வர்ட்டரை மறுபடி சோதித்துப் பார்க்க இப்படிப்பட்ட ஓட்டம் வேண்டும். உடனே எமிஷன் டெஸ்ட்டுக்கு ஓடுவதில் பயனில்லை. ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டி வந்தது. முன் சென்சார் வழக்கம்போல ஏறி இறங்க, பின் சென்சார் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்றது. ‘போயிடுச்சு’ என்று சொல்லப்பட்ட கன்வர்ட்டர் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. வண்டி ஆறிய பிறகு அண்ணன் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்தார்.

எமிஷன் டெஸ்ட்டில் பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரைதான் அனுமதி. இரண்டுமே அதற்கு வெகு கீழே வந்தன. ஒரு வருடத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். மைலேஜ் பழையபடி ஆகிவிட்டது, அம்மாவும் பின்சீட்டுக்குத் திரும்பிவிட்டார். பாக்கி இருப்பது புகைக்குழாயின் சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டு மட்டும். ஒரு பக்கம் வெல்டு விட்டு, 2000 ஆர்.பி.எம்மில் லேசாக அதிர்கிறது. அதற்குப் பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த ஆயில் சர்வீஸுக்கு வண்டி லிஃப்டில் ஏறும்போது போட்டுவிடலாம் என்றிருக்கிறார் அண்ணன்.