உல்லம் ஏறிய ஆறு

எங்கள் பக்கத்து மீன்கடைகளில் உல்லம் என்ற பெயர் இப்போது காதில் விழுவதே அரிது. வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதே மீன். கோதாவரிக் கரையில் புலச என்பார்கள், தாலியை விற்றாவது தின்ன வேண்டும் என்று அங்கே பழமொழியே உண்டு. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறுகிற மீன் இது. கொள்ளிடத்திலும் ஏறியது. 1900-களின் தொடக்கத்தில் மதராஸ் மாகாண மீன்துறையினர் அணைக்கரையில் அதன் முட்டையைப் பொரிக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்தது, வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. உல்லத்தை ஆற்றுக்குள் கூப்பிடுவதே அந்த வெள்ளம்தான்.

மேட்டூரை இடிக்கச் சொல்ல வரவில்லை, டெல்டாவில் பிறந்தவன் வாயில் அந்தச் சொல் வராது. ஆனால் கரண்டு வேண்டுமென்றால் மீன் போகும், மீன் வேண்டுமென்றால் கரண்டு போகும் என்றே பேசிப் பழகிவிட்டோம். அப்படி இல்லை என்று எனக்குப் புரியவைத்தது அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓடும் பெனாப்ஸ்காட் ஆறு.

அங்கே ஏறுகிறவையும் உல்லத்தின் உறவுக்காரர்கள்தான், ஷாட், ஏல்வைஃப் என்று பெயர், கூடவே அட்லாண்டிக் சால்மனும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேலாக அணைகள் வழிமறித்துக் கிடந்தன. 2004-ல் மின் நிறுவனமும் பெனாப்ஸ்காட் பழங்குடியினரும் அரசும் சூழல் அமைப்புகளும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஒவ்வொரு அணையாகச் சண்டை போடாமல் ஆறு முழுவதையும் ஒரே கணக்காகப் பார்த்ததுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்தது. மூன்று அணைகளை விலைக்கு வாங்கி, கடலுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டை 2012-லும் 2013-லும் இடித்தார்கள், மூன்றாவதைச் சுற்றி ஓடை மாதிரி ஒரு வாய்க்கால் வெட்டினார்கள், போன மின்சாரத்தை மிச்சமிருந்த அணைகளில் உற்பத்தியைக் கூட்டி ஈடுகட்டிக்கொண்டார்கள். இப்போது கடலிலிருந்து வரும் மீனுக்கு முதல் தடை மில்ஃபோர்டு அணை, அங்கே மீனுக்கென்றே ஒரு லிஃப்ட்: நீரோட்டத்தைக் காட்டி மீனைத் தொட்டிக்குள் வரவைத்து, தொட்டியோடு மேலே தூக்கிவிடுகிறார்கள். ஓர் ஆண்டில் அதில் ஏறும் மீன்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே 10 லட்சத்தைத் தாண்டியது.

சரி, மேலே ஏறியாகிவிட்டது, குஞ்சுகள் கீழே இறங்க வேண்டுமே? டர்பைன் வழியாகப் போகும் மீன் அதன் சுழலும் இலையில் (பிளேடில்) அடிபட்டு மட்டும் சாவதில்லை, அழுத்தம் திடீரென்று குறைவதால் உள்ளே இருக்கும் காற்றுப்பை வெடித்தும் சாகிறது. அதனால் இப்போது இலையின் முன்விளிம்பைத் தடிமனாக, உருண்டையாகச் செய்து பார்க்கிறார்கள், அதன் முன்னால் தள்ளப்படும் தண்ணீரே மீனை ஒதுக்கிவிடுகிறது. அணையே இல்லாத வழியும் உண்டு. அலாஸ்காவில் இகியூகிக் என்ற சின்னக் கிராமம் 2019-ல் க்விசாக் ஆற்றின் அடியில் ஒரு டர்பைனை இறக்கியது, ஓடுகிற தண்ணீரே அதைச் சுற்றுகிறது. சாக்கை சால்மன் கூட்டம் கூட்டமாக ஏறும் ஆறு அது, மீனை நம்பி வாழ்கிற ஊர் என்பதால் தண்ணீருக்கடியில் கேமரா வைத்துக் கண்காணித்தார்கள்.

நம் ஆற்றுக்கு வருகிறேன். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணை மின்நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றும் 30 மெகாவாட். அவற்றைப் பிறகு பார்க்கலாம், முதலில் கடல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். கொள்ளிடத்தை மறித்து நிற்கும் ஆதனூர்-குமாரமங்கலம், அணைக்கரை, முக்கொம்பு அணைகள். இவை பாசனத்துக்கும் வெள்ளத்துக்கும் கட்டியவை, இங்கே மீனுக்கு வழிவிட்டால் ஒரு யூனிட் கூடக் குறையாது. 2018-ல் முக்கொம்பில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, புதிதாகக் கட்டினோம். அப்படி ஒவ்வொரு முறை கட்டும்போதும் மீன்பாதை முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும், அதுவும் சால்மனுக்குப் போடுகிற படிக்கட்டு நமக்கு உதவாது, உல்லம் அதைப்போல எகிறிக் குதிக்கிற மீன் இல்லை, சரிவு குறைந்த நீளமான வாய்க்கால்தான் வேண்டும். அப்புறம் ஆடி, ஆவணியில் மேட்டூர் நிரம்பி உபரி திறக்கும் நாட்களில் கொள்ளிடத்தின் மதகுகளை எப்படி, எந்த வரிசையில் தூக்குவது என்று முடிவு செய்யும்போது அந்த அறையில் மீன்துறை ஆள் ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.